சொட்டுநீர்ப் பாசனம் போட்டால் நிலத்தடி நீர் மிஞ்சுமா?

எண்சுவடி:
தண்ணீர்ப் பஞ்சம் என்று பேச்செடுத்தாலே, "சொட்டுநீருக்கு மானியம் கொடுங்கள்" என்பதுதான் முதல் பதிலாக வருகிறது. உலகில் எடுக்கப்படும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. அதனால் அங்கே கை வைப்பது சரிதான். ஆனால் இவ்வளவு எடுக்கலாம் என்று வரம்பு வைக்காமல் குழாய்க்கு மட்டும் மானியம் கொடுத்தால், நீர்மட்டம் இறங்கத்தான் செய்யும், ஏறாது. இதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

வயல்வெளி:
வந்தாச்சு. பாய்ச்சல் பாசனத்தில் விடும் தண்ணீரில் பாதிகூடப் பல இடங்களில் பயிருக்குப் போய்ச் சேருவதில்லை. சொட்டுநீரில் 90 சதவீதம் வரை சேர்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அதாவது காற்று மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் இன்னும் அதிகமாக உறிஞ்சும். மழையோ நாலு நாளில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. இந்த நிலையில் திறந்த வாய்க்காலில் தண்ணீர் விடுவதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்? பாலைவனத்தை வைத்துக்கொண்டு இஸ்ரேல் விவசாயம் செய்வது சொட்டுநீரால்தானே?

எண்சுவடி:
பயிருக்குப் போகாத அந்த மீதி எங்கே போகிறது? கொஞ்சம் ஆவியாகிறது, ஒப்புக்கொள்கிறேன். மற்றது மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீராகிறது, அல்லது வடிந்து கீழே இருக்கும் வயலுக்குப் போகிறது. வயல் அளவில் அது நஷ்டக் கணக்கு. வடிநிலம் (ஒரே ஆற்றுக்கு நீர் வடியும் பகுதி) முழுவதையும் பார்த்தால் அது இன்னொருவருடைய வரவு.

அமெரிக்காவின் ஆல்-அமெரிக்கன் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். மண் வாய்க்காலில் தண்ணீர் கசிந்து வீணாகிறது என்று சுமார் 37 கிலோமீட்டர் தூரத்துக்கு கான்கிரீட் கால்வாய் கட்டினார்கள். 2009 வாக்கில் வேலை முடிந்தது. அந்தக் கசிவில்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் மெக்சிகாலி பள்ளத்தாக்கின் கிணறுகள் ஊறிக்கொண்டிருந்தன. கலிபோர்னியா மிச்சப்படுத்தியதாகச் சொல்லும் தண்ணீர், மெக்சிகோ விவசாயி இழந்த தண்ணீர்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் தெளிப்பான்களைச் சிக்கனமான முனைகளுக்கு மாற்ற மானியம் கொடுத்தார்கள். 2014-இல் வெளியான ஆய்வு அங்கே நீர் எடுப்பு கூடியதாகச் சொல்கிறது. விவசாயி மேல் தப்பில்லை. ஒரு லிட்டரில் விளைச்சல் கூடினால், அதிக நீர் கேட்கும் பயிருக்கு மாறுவார், சும்மா கிடந்த நிலத்துக்கும் பாய்ச்சுவார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

கீழ்மடை:
கடைமடையில் இருப்பவன் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மேலே எல்லாரும் குழாய் போட்ட பிறகு எங்களுக்கு வந்துகொண்டிருந்த வடிநீர் நின்றுவிட்டது. மானியப் பட்டியலில் அது "சேமிப்பு" என்று ஏறியிருக்கும்.

வயல்வெளி:
கீழ்மடை சொல்வது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வடிகிற நீர் கடலில் கலக்கிற இடத்தில், அடியில் உப்பு நீர் தேங்கியிருக்கிற இடத்தில், இறங்கும் தண்ணீர் யாருக்கும் திரும்பக் கிடைக்காது. அங்கே சொட்டுநீர் மிச்சம் பிடிப்பது அசல் மிச்சம். அப்புறம், இறங்குகிற தண்ணீர் சுத்தமாகவா இறங்குகிறது? போட்ட உரத்தின் நைட்ரேட்டையும் கூட்டிக்கொண்டு போய்க் குடிநீர்க் கிணற்றில் சேர்க்கிறது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மின்சாரம் செலவழித்து மேலே ஏற்றிய நீரைத் திரும்ப உள்ளே விட்டு மறுபடி ஏற்றுவதை "வரவு" என்று எழுதுகிறீர்கள். அந்த மின்சாரத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?

எண்சுவடி:
மின்சாரமும் நைட்ரேட்டும் நியாயமான காரணங்கள். அவற்றுக்காக மானியம் என்றால் அப்படியே சொல்லிக் கொடுக்கட்டும், நீர்ச் சேமிப்பு என்ற பெயரில் வேண்டாம்.

தூறல்:
இஸ்ரேல் பேச்சு வந்ததால் சொல்கிறேன். சொட்டுநீர்க் குழாய் செய்யும் அந்நாட்டு நிறுவனமான நெட்டாஃபிம் தொடங்கியது 1965-இல். அதற்குப் பத்தாண்டு முன்னால், 1955-இலேயே நீரை மீட்டர் வைத்து அளக்கச் சட்டம் வந்துவிட்டது. 1959 சட்டப்படி சொந்த நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரும் பொதுச்சொத்து. ஒவ்வொருவருக்கும் ஒதுக்கீடு உண்டு. முதலில் அளவு வந்தது, பிறகுதான் குழாய். இன்று கழிவுநீரில் பெரும்பகுதியைச் சுத்திகரித்துப் பாசனத்துக்குத் திருப்புகிறார்கள். கடல்நீரையும் குடிநீராக்குகிறார்கள். இவ்வளவையும் விட்டுவிட்டுக் குழாயை மட்டும் இறக்குமதி செய்தால் என்ன கிடைக்கும்?

ஆனால் எண்சுவடி, வரம்பு வை என்று சொல்வது சுலபம். கிணற்றை நம்பி ஓட்டுப்போடும் ஊரில் எந்த அரசு மீட்டர் மாட்டும்?

எண்சுவடி:
அரசுதான் மாட்ட வேண்டும் என்று யார் சொன்னது? நான் சொன்ன அதே கான்சாஸில், ஷெரிடன் கவுண்டிப் பகுதியில் விவசாயிகளே கேட்டு 2013-இல் வரம்பு கொண்டுவந்தார்கள். தங்கள் நிலத்துக்கு அடியில் இருக்கும் ஓகலாலா நிலத்தடி நீர்த்தேக்கம் வற்றிக்கொண்டு போவதை அவர்கள் கிணற்றிலேயே பார்த்தவர்கள். ஐந்தாண்டுக்கு மொத்தமாக ஏக்கருக்கு 55 அங்குலம். மழை பெய்த வருடம் குறைத்து எடு, வறட்சியில் கூட்டி எடு, மொத்தம் தாண்டாதே. வருடத்துக்கு இவ்வளவுதான் என்று கட்டியிருந்தால் முதல் வறட்சியிலேயே உடைந்திருக்கும். இலக்கு 20 சதவீதக் குறைப்பு. நடந்தது அதைவிட அதிகம், லாபமும் பெரிதாக அடிபடவில்லை.

வயல்வெளி:
எப்படி அடிபடாமல் தப்பித்தார்கள்? மண்ணில் ஈரம் அளக்கும் கருவி வைத்தார்கள், நேரம் பார்த்துப் பாய்ச்சினார்கள், மக்காச்சோளத்தைக் கொஞ்சம் குறைத்து, நீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறினார்கள். அதாவது தொழில்நுட்பம் கையில் இருந்ததால் வரம்பைத் தாங்க முடிந்தது. அது இல்லாத சிறு விவசாயிக்கு நாளைக்கே வரம்பு வைத்தால் நிலத்தை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். வாங்குபவர் ஆழமாகத் துளை போட வசதி உள்ளவராக இருப்பார். அதனால் குழாய் முதலில், வரம்பு பிறகு.

எண்சுவடி:
"பிறகு" வராது. குழாயை நம்பி நீண்டகாலப் பழத்தோட்டம் வைத்துவிட்டால் வறட்சியில்கூடத் தண்ணீரைக் குறைக்க முடியாது. நெல்லையோ சோளத்தையோ ஒரு பருவம் போடாமல் விடலாம், மரத்தை விட முடியுமா? இரண்டும் ஒரே உத்தரவில் வரட்டும்: மானியம் வாங்குபவர் மீட்டருக்கும் ஒதுக்கீட்டுக்கும் கையெழுத்துப் போடட்டும்.

தூறல்:
மீட்டரை உடைக்கலாம், கல்லை வைத்து அடைக்கலாம். செயற்கைக்கோள் படத்தை வைத்து வயலிலிருந்து ஆவியாகிப் போன நீரைக் கணக்கிடும் முறை வந்திருக்கிறது. மேற்கு அமெரிக்காவுக்கு 2021-இல் திறந்த ஓப்பன்இடி (OpenET) என்ற இணையதளம் அப்படிப்பட்டதுதான். நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடும் கசிவு அதில் செலவாகவே வராது. பயிரும் மண்ணும் காற்றுக்குக் கொடுத்தது மட்டும்தான் வரும்.

வயல்வெளி:
அந்தப் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அரை ஏக்கர் நிலத்துக்கு இரண்டு கட்டம் தேறும், அதிலும் பாதி பக்கத்து வயலைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த எண்ணை வைத்து ஒருவருக்கு அபராதம் போட்டால் எந்த நீதிமன்றத்தில் நிற்கும்?

கீழ்மடை:
தனி வயலுக்குப் போட வேண்டாம். ஒரு வாய்க்காலுக்கு மொத்தமாகக் கணக்கு எடுங்கள், உள்ளே பங்கு பிரிப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கடைமடைக்காரனுக்கும் அந்தக் கூட்டத்தில் ஓட்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.