ஆள் அரவமே இல்லாத இடத்தில் போய் வாழ்ந்துவிட முடியுமா?

வடக்குத்தெரு:
சைபீரியாவின் அகஃபியா லிகோவா பற்றிப் படித்ததிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை. மத நம்பிக்கைக்காகத் துரத்தப்பட்ட குடும்பம் அது. 1936-ல் தன் சகோதரர் சுடப்பட்டதும், அகஃபியாவின் அப்பா கார்ப் லிகோவ் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார். அகஃபியா பிறந்ததே காட்டில்தான். 1978-ல் ஹெலிகாப்டரில் போன நிலவியலாளர்கள் மலைச்சரிவில் பாத்தி கட்டிய தோட்டத்தைப் பார்த்த பிறகுதான் அங்கே மனிதர்கள் இருப்பதே வெளியில் தெரிந்தது. இரண்டாம் உலகப்போர் நடந்ததுகூட அவர்களுக்குத் தெரியாது. 1988-ல் அப்பா இறந்த பிறகும் அகஃபியா ஊருக்கு வர மறுத்துவிட்டார். எனக்கு வயது 41. காலையில் கண் விழிக்கும்போதே யாருக்கோ பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, இரவு படுக்கும்வரை அது ஓய்வதில்லை. சிறுமலை அடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் பார்த்து வைத்திருக்கிறேன். போய்விடலாம் என்றே இருக்கிறேன்.

காட்டுமல்லி:
அதே குடும்பத்தின் மீதிக் கதையையும் சொல்லுங்கள். 1961 ஜூன் மாதம் பனி கொட்டி விளைந்ததெல்லாம் கருகிப்போனது. செருப்புத் தோலையும் மரப்பட்டையையும் தின்றார்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அம்மா அகுலினா பட்டினியிலேயே செத்துப்போனார். பட்டாணிப் பாத்திக்கு நடுவே ஒரே ஒரு 'ரை' பயிர் (கோதுமை மாதிரி அவர்கள் ஊர் தானியம்) தப்பி முளைத்திருந்தது. எலியும் அணிலும் தொடாமல் இரவும் பகலும் மாற்றி மாற்றிக் காவல் இருந்து, கடைசியில் 18 மணிகள் எடுத்தார்கள். மறுபடி ரை விளைந்தது அந்தப் பதினெட்டிலிருந்துதான். நினைத்துப் பாருங்கள், பக்கத்து வீட்டில் ஒரு படி கடன் வாங்க ஆள் இருந்திருந்தால் அந்தத் தாய் பிழைத்திருப்பார். நிலவியலாளர்கள் வந்தபோது முதலில் அவர்கள் வாங்கிக்கொண்டது உப்பு மட்டும்தான். நாற்பது வருஷம் உப்பில்லாமல் சாப்பிட்டிருக்கிறார்கள்!

தெற்குக்காற்று:
அது பஞ்சத்தின் கதை, காட்டுமல்லி. ஊருக்கு நடுவே இருந்தவர்களும் அதே காலத்தில் பட்டினியில் செத்திருக்கிறார்கள். அப்புறம், ஆட்சியில் இருந்தவர்கள் துரத்தியதால்தானே அவர்கள் காட்டுக்கே போனார்கள்? அதை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை? 2023-ல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி ஓர் அறிக்கை விட்டார், மனிதத் தொடர்பு அற்றுப்போவது தினமும் 15 சிகரெட் குடிப்பதற்கு நிகரான கேடு என்று. எல்லோரும் அதைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆளில்லாமல் ஏங்குவது வேறு, ஆள் வேண்டாம் என்று விலகி இருப்பது வேறு. கல்யாண வீட்டில் நானூறு பேர் நடுவில் உட்கார்ந்து, பேச ஒருவரும் இல்லாமல் நான் தவித்திருக்கிறேன். வீட்டில் தனியாக இருந்த ஒரு நாளும் அப்படித் தவித்ததில்லை.

காட்டுமல்லி:
ஏக்கம் இல்லாத ஆளுக்கும் இடுப்பு எலும்பு உடையும். என் பெரியப்பா கதை இது. பெரியம்மா போன பிறகு தோட்டத்துச் சாளையிலேயே தங்கிவிட்டார். வருத்தத்தில் போகவில்லை, உண்மையிலேயே அங்கே நிம்மதியாக இருந்தார், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஒரு சாயங்காலம் மோட்டார் ரூமில் பாசியில் வழுக்கி விழுந்தார். எழ முடியவில்லை. கத்தினால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு கிடையாது. தோள் துண்டை வீசி வீசி, குழாய் வாய்க்குக் கீழே தேங்கியிருந்த தண்ணீரில் நனைத்து இழுத்து, அதைப் பிழிந்து குடித்திருக்கிறார். இரண்டாம் நாள் காலை பால் எடுக்க வந்தவர்தான் பார்த்தார். மாடு ஒன்று வைத்திருந்ததால் பால்காரர் வந்தார், அதுவும் இல்லையென்றால்?

வடக்குத்தெரு:
படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. பெரியப்பா இப்போது எப்படி இருக்கிறார்? ஆனால் ஒன்று, கிறிஸ்டோபர் நைட் என்பவர் அமெரிக்காவின் மெய்ன் காட்டில் 1986-லிருந்து 27 வருஷம் ஒருவரோடும் சேராமல் இருந்து காட்டினாரே. புகை தெரிந்துவிடும் என்று அந்தக் குளிரிலும் தீ மூட்டாமல் இருந்திருக்கிறார்.

காட்டுமல்லி:
2013-ல் அவரை எங்கே பிடித்தார்கள் என்று பாருங்கள். ஒரு முகாமின் சமையலறையில், சாப்பாடு திருடும்போது. ஏறக்குறைய ஆயிரம் முறை அடுத்தவர் வீடுகளில் நுழைந்திருக்கிறார். சாப்பாடு, பேட்டரி, கேஸ் சிலிண்டர் எல்லாமே ஊர்க்காரர்கள் வாங்கி வைத்தது. ஆளைத்தான் பார்க்கவில்லை, ஆட்களை நம்பித்தான் இருந்தார். ராத்திரி யார் வந்து போகிறார்கள் என்று தெரியாமல் அந்த வீட்டுக்காரர்கள் வருஷக்கணக்கில் பயந்து கிடந்ததை யார் கணக்கெடுப்பது? (பெரியப்பா கைத்தடியோடு நடக்கிறார். தோட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்றுதான் தினமும் சண்டை.)

தெற்குக்காற்று:
நைட்டை நானும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் பெரியப்பாவைத் தோட்டத்துக்கு விடுங்கள், கழுத்தில் ஒரு போனைக் கட்டி அனுப்புங்கள். அகஃபியாவே 2016-ல் கால் வலி தாங்காமல் சாட்டிலைட் போனில் ஆள் கூப்பிட்டார். ஹெலிகாப்டர் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. குணமானதும் தன் காட்டுக்கே திரும்பிவிட்டார். ஊரில் இருக்கச் சொல்லி யாரும் அவரைப் பிடித்து வைக்கவில்லை, பாருங்கள்.

காட்டுமல்லி:
அப்படியென்றால் எனக்குச் சம்மதம்தான். வீட்டில் பேசிப் பார்க்கிறேன், ஆனால் அந்தப் பால்காரர் நம்பர் முதலில் வேண்டும்.

வடக்குத்தெரு:
ஞாயிற்றுக்கிழமை சிறுமலை இடத்தைப் பார்க்கப் போகிறேன். தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்கத்தான் இருந்தேன். பக்கத்து வீடு எவ்வளவு தூரம், அங்கே யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.