கிளெமெந்தியின் ‘சொலேய்’: அடுக்கடுக்கான பிம்பங்கள் எப்படி?

கேள்வி: இயக்குநர்கள் புனுவேல், பசோலினி, பெர்டோலுச்சி படங்களில் நடித்த பிரெஞ்சு நடிகர் பியேர் கிளெமெந்தி 1988ல் எடுத்த தன்வரலாற்றுக் குறும்படம் ‘சொலேய்’. அதைப் போல 16 எம்எம் ஃபிலிமில் ஒரு பிம்பத்தின் மேல் இன்னொன்றைக் கேமராவிலேயே பதிக்க வேண்டும். போலெக்ஸ் ஃபிலிம் கேமரா இருக்கிறது. சோதனைச் சுருளில் எல்லாம் வெளுத்துவிட்டது, முகமே தெரியவில்லை. என்ன தப்பு?

பதில்: ஒவ்வொரு முறையும் முழு ஒளி கொடுத்திருப்பீர்கள். இரண்டு அடுக்கு என்றால் தலா ஒரு ஸ்டாப், அதாவது ஒளியைப் பாதியாக, குறைக்க வேண்டும்: ஒளி மீட்டர் லென்ஸ் துவாரத்துக்கு எஃப் 8 காட்டினால் எஃப் 11 வையுங்கள். நான்கு அடுக்குக்கு இரண்டு ஸ்டாப். ஆனால் கறுப்புப் பின்னணியில் முகம் மட்டும் இருந்தால் குறைக்கவே வேண்டாம்; கறுப்பு ஃபிலிமில் ஒன்றும் பதியாது. முதல் அடுக்கில் வெளிச்சமான இடத்தில் இரண்டாவதின் முகத்தை வைக்காதீர்கள். வானத்தின் மேல் முகம் நிற்காது.

பதில்: அடுத்த அடுக்கைப் பதிக்க ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றும் முன் லென்ஸை மூடுங்கள், ஸ்பிரிங் மோட்டாரை விடுவியுங்கள். கைப்பிடி ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம். ஃபிரேம் கவுன்ட்டர் எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 100 அடிச் சுருளில் சுமார் 4,000 ஃபிரேம், விநாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் 2 நிமிடம் 46 விநாடி.

பதில்: நுட்பத்தோடு இதையும் பாருங்கள். 1971ல் இத்தாலியில் போதைப்பொருள் வழக்கில் கைதாகி, ஒன்றரை ஆண்டளவு சிறையிலிருந்து, ஆதாரமில்லாமல் விடுதலையானவர் கிளெமெந்தி. அந்தச் சிறைதான் படத்தின் உள்ளே கிடக்கிறது. எந்த நினைவு எதன் மேல் படிய வேண்டும் என்று முதலில் எழுதிவிட்டுச் சுருளை ஏற்றுங்கள்.