கேடிசி நகர் பக்கம் அப்பாவும் பிள்ளையளும் சேந்து நடக்க நல்ல எடம் எங்கன இருக்கு?

கேடிசிநகர்_காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஒன்பது வருஷம் தாம்பரத்துல இருந்துட்டு போன சித்திரையில குடும்பத்தோட சொந்த ஊரு திருநெல்வேலிக்கே வந்துட்டோம், வீடு கேடிசி நகர்ல. அப்பாவுக்கு வயசு 68, சுகர் இருக்கு, தினமும் முக்கா மணி நேரம் நடந்தே ஆகணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாவ. மகனுக்கு 9, மகளுக்கு 6, ரெண்டும் ஸ்கூல் விட்டு வந்தா டிவி இல்லனா போன், வேற ஒண்ணும் கெடையாது.

எங்க தெருக்கோடியில பார்க் ஒண்ணு இருக்கு, இல்லைனு சொல்லல. ஆனா ஊஞ்சல்ல ஒரு பக்கத்து சங்கிலிய காணோம், நடைபாதை கல்லு பேந்து கெடக்கு, மழை பெஞ்ச பெறகு நெருஞ்சி படந்து மக உள்ளங்கால்ல ஏறி ராத்திரி வரைக்கும் அழுதா. மெயின் ரோட்டுக்கு போனா தூத்துக்குடி போற லாரியெல்லாம் உரசிட்டு போவுது, அப்பாவ அங்கன தனியா விட பயமா இருக்கு. நிழல் வேணும், வண்டி வரக்கூடாது, மூணு தலைமுறையும் ஒண்ணா போற மாதிரி எடம் சொல்லுங்க. ஞாயித்துக்கெழமைக்கு கொஞ்சம் தூரமா இருந்தாலும் சரிதான். மால், தியேட்டர் எல்லாம் வேண்டாம், பிள்ளைய மண்ணுல கால் வைக்கணும், அதான் ஆசை.

பாளை_அண்ணாச்சி:

தம்பி, மொதல்ல அப்பா விஷயத்த சொல்லுதேன். பைக்ல கூட்டிட்டு வந்து பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துல விட்டுருங்க, நான் அங்கன பதினாறு வருஷமா நடக்கேன், அவிய வயசுக்காரங்க நிறைய பேர் வருவாவ, பேச்சுத்துணைக்கு ஆள் இருந்தா நடை தானா வந்துரும். அது ஒத்து வரலைன்னா அண்ணா ஸ்டேடியம் பக்கம் பாருங்க.

ஆனா நம்ம ஊர்ல எடத்த விட நேரம்தான் முக்கியம். காலையில அஞ்சேகாலுக்கு எறங்கினா ஆறரைக்குள்ள முடிச்சிரலாம், பங்குனி சித்திரையில ஏழரைக்கு மேல நின்னா வெயிலு மண்டைய பொளந்துரும். ஆனி ஆடியில செங்கோட்டை கணவாய் வழியா காத்து வரும் பாருங்க, அப்ப சாயங்காலம் அஞ்சு மணிக்கு நடந்தா கூட வேர்க்காது, அதே புரட்டாசியில காத்து நின்னு போயிரும், புழுக்கம் தாங்காது, அந்த மாசம் காலைதான் சரி.

இன்னொண்ணு, மாத்திரையோ ஊசியோ போட்டுட்டு வெறும் வயித்தோட நடக்க விடாதீங்க, சுகர் ஒரேயடியா எறங்கிரும். எங்கூட நடக்கவர் ஒருத்தர் ஒரு நாள் பேச்ச பாதியில நிறுத்திட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு, சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு, கை நடுங்குது, மிட்டாய் கவர பிரிக்க கூட முடியல, நான்தான் பிரிச்சு வாயில போட்டேன். பத்து நிமிஷத்துல தெளிஞ்சாரு. அன்னையில இருந்து எங்க செட்டுல எல்லாரு சட்டப்பையிலயும் ரெண்டு மிட்டாய் கெடக்கும். செருப்போட வேண்டாம், சாக்ஸ் ஷூ போட்டு அனுப்புங்க, வீட்டுக்கு வந்த ஒடனே உள்ளங்கால ஒரு தடவ பாருங்க. சுகர்காரங்களுக்கு முள்ளு குத்தினது கூட தெரியாது.

அந்த தெருக்கோடி பார்க்க விட்டுறாதீங்க தம்பி. தெனமும் போறதுக்கு அதுதான், மத்ததெல்லாம் வண்டி எடுத்தாத்தான் உண்டு. போட்டோ எடுத்து, பத்து வீட்டுல கையெழுத்து வாங்கி, திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு குடுங்க. எங்க காலனியில மூணு தடவ மனு குடுத்த பெறகுதான் லைட் எரிஞ்சுது, ஆனா எரிஞ்சுது.

டவுன்_அக்கா:

அண்ணாச்சி சொன்னது தெனசரிக்கு சரி. ஞாயித்துக்கெழமைக்கு நான் சொல்லுதேன், குறுக்குத்துறைக்கு வாங்க. முருகன் கோயில் தாமிரபரணி ஆத்துக்குள்ளயே நிக்கும், ரெண்டு பக்கமும் தண்ணி, கரையில மருத மரம், கல் மண்டபம். வெள்ளம் வந்தா கோயிலே முங்கிரும், உற்சவர மேலக்கோயிலுக்கு தூக்கிட்டு போயிருவாவ, 2023 டிசம்பர்ல வந்த வெள்ளத்த பாத்தவங்களுக்கு தெரியும். இப்ப தை மாசம், தண்ணி தெளிஞ்சு கெடக்கு, விடியக்காலம் ஆறு மணிக்கு வந்தா ஆத்து மேல பனி பைய நகந்து போவும், படித்துறை கல்லு ஜில்லுனு இருக்கும். எங்க அம்மா கூட்டிட்டு வந்தாவ, நான் என் பிள்ளைய கூட்டிட்டு வாரேன்.

ஆனா ஒண்ணு, கேட்டுக்கிடுங்க. பிள்ளையள படியில உக்கார வச்சு கால நனைக்க விடுங்க, அதுக்கு மேல எறங்க விடாதீங்க. மணல் அள்ளின குழி ஆத்துக்குள்ள எங்க கெடக்குன்னு மேல இருந்து பாத்தா தெரியாது, முழங்கால் தண்ணின்னு நெனச்சு அடுத்த அடி வச்சா ஆளு முங்கும். ஐப்பசி கார்த்திகையில மழை காலத்துல எறங்கவே வேண்டாம். கொக்கிரகுளம் பக்கமெல்லாம் சாக்கடை வந்து விழுது, அங்க குளிக்காதீங்க, பாக்க மட்டும் செய்யுங்க. பொதிகையில இருந்து அவ்ளோ சுத்தமா எறங்கி வார தண்ணி நம்ம ஊருக்குள்ள வந்து இப்படி ஆகுதேன்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும்.

நீர்க்காகம்:

மகனுக்கு 9 வயசுன்னு சொன்னீங்களே, சரியான வயசு. குளம் பாக்க கூட்டிட்டு போங்க. புது பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல வேய்ந்தான்குளம், டவுன்ல நயினார்குளம், ரெண்டுலயும் கரையில நின்னாலே பறவை தெரியும், காசு கெடையாது. நீர்க்காகம் முங்கி எந்திரிச்சு வந்து கட்டையில உக்காந்து ரெண்டு றெக்கையயும் விரிச்சு வெயில்ல காய வைக்கும், கொடியில சட்டை காயப்போட்ட மாதிரியே இருக்கும், என் அக்கா மக அத பாத்துதான் பறவை பைத்தியம் ஆனா. ஜனவரி மாசம் தாமிரபரணி பாசனக் குளங்கள்ல நீர்ப்பறவை கணக்கெடுப்பு நடக்கும், 2011ல இருந்து நடக்கு, சாதாரண ஜனங்களும் சேந்துக்கிடலாம்.

ஒரு நாள் முழுசா கெடச்சா கூந்தன்குளம். பாளையில இருந்து மூலக்கரைப்பட்டி வழியா போகணும், நாப்பது கிலோமீட்டருக்குள்ளதான். 1994ல சரணாலயம் ஆச்சு, 2022ல உலக அளவுல முக்கியமான நீர்நிலைகளோட ராம்சார் பட்டியல்லயும் வந்துட்டு. மணிமுத்தாறு கால்வாய் தண்ணி வந்து நிறையுற குளம். வரித்தலை வாத்து இமயமலைய தாண்டி வந்து அங்கன எறங்குது, கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ள வீட்டு வாசல் வேம்புலயும் புளியமரத்துலயும் கூடு கட்டும். வீட்டு முத்தத்துல எச்சம் விழுதுன்னு யாரும் கல்லெடுக்க மாட்டாவ, பறவை வந்தா ஊருக்கு நல்லதுன்னு நெனைக்காவ, தீவாளிக்கு வெடி போடாத ஊரு அது. போனா சத்தம் போடாம நில்லுங்க, பிள்ளையளுக்கும் முன்னாடியே சொல்லிருங்க, பளிச்சுன்னு சட்டை போட வேண்டாம்.

போற வார வழியில கங்கைகொண்டானும் இருக்குன்னு சில பேர் சொல்லுவாவ, அது மதுரை ரோட்டுல, நேர் எதிர் தெசை. புள்ளிமான் சரணாலயம், 2013ல அறிவிச்சது. அத தனியா இன்னொரு நாள் வச்சுக்கிடுங்க.

மகாராஜநகர்:

வெயில் நேரத்துக்கு கொக்கிரகுளத்துல மாவட்ட அறிவியல் மையம் இருக்குல்லா, 1987ல இருந்து இருக்கு. வெளிய தோட்டத்துலயும் பிள்ளையளே தொட்டு விளையாடுற மாதிரி சாமான் வச்சிருக்காவ. அப்படியே 1843ல கட்டின சுலோசன முதலியார் பாலத்தையும் அப்பாவே பேரனுக்கு காட்டட்டும், அவியளுக்கு சொல்ல ஆயிரம் கதை இருக்கும்.

கேடிசிநகர்_காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு வாரம் கழிச்சு எழுதுதேன். அப்பா வ.உ.சி. மைதானத்துல செட்டு சேந்துட்டாவ, இப்ப நான் எழுப்ப வேண்டியதே இல்ல, அவிய என்னைய எழுப்புதாவ. ஞாயித்துக்கெழமை குறுக்குத்துறை போனோம். மக படியில உக்காந்து கால தண்ணிக்குள்ள விட்டா, குட்டி குட்டி மீனு வந்து விரல கொத்த கொத்த சத்தம் போட்டு சிரிச்சா, கூச்சத்துல கால தூக்கிருவா, ஒடனே திரும்ப விடுவா, ஒரு மணி நேரமா இதேதான். நெருஞ்சி குத்தின அதே கால்தான். அப்பா ஆத்துக்குள்ள கைய விட்டு ஒரு வாய் தண்ணி அள்ள போனாவ, பெறகு என்ன நெனச்சாவளோ, கைய ஒதறிட்டு, நாங்க இதத்தாம்ல குடிச்சோம்னு மட்டும் சொன்னாவ. எனக்கு பதில் சொல்ல வரல.

பார்க்குக்கு இது வரைக்கும் எட்டு வீட்டு கையெழுத்து வாங்கியாச்சு, வார திங்கக்கெழமை போறோம். அடுத்து கூந்தன்குளம்தான், மகன் இப்பவே நோட்டு வாங்கி வச்சிருக்கான். பைனாகுலர் மட்டும் இல்ல, வாடகைக்கு எங்கயாவது கெடைக்குமா?

நீர்க்காகம்:

வாடகை எல்லாம் எதுக்கு, எங்கிட்ட ரெண்டு இருக்கு. நானும் இந்த ஞாயிறு போறேன், காலையில ஆறு மணிக்கு மூலக்கரைப்பட்டி பஸ் ஸ்டாண்டுல நிக்கேன், வந்துருங்க. அப்பாவுக்கு ஒரு மடக்கு நாக்காலி எடுத்துக்கிடுங்க, கரையில ரொம்ப நேரம் நிக்க வேண்டி வரும்.