யுன் லாங்கில் ஒரு நாள்: போய் வந்தவர்கள் யோசனை சொல்லுங்கள்

ஜனவரியில் அம்மாவோடு ஹாங்காங் போகிறேன். வானளாவிய கட்டடங்களை விட வடமேற்கே யுன் லாங் பக்கம்தான் எங்களுக்கு ஆசை. டின் ஷுய் வாய் ரயில் நிலையத்தை ஒட்டியே மூன்றடுக்கு, அறுகோண சுய் சிங் லாவ் கோபுரம். அங்கிருந்து பிங் ஷான் மரபுப் பாதையில் டாங் குலத்தாரின் மூதாதையர் மண்டபம் வரை நடக்கலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி. வழியில் படிகள் அதிகமா, உட்கார இடம் கிடைக்குமா?

அப்புறம் மாய் போ சதுப்பு நிலம். கருமுகக் கரண்டிவாயன் பறவை குளிர்காலத்தில் வந்து தங்குமிடம், அதைத் தவறவிட மனசில்லை. அனுமதி, வழிகாட்டி என்று அலைவதா, இல்லை ஹாங்காங் ஈரநிலப் பூங்காவே போதுமா? (அதற்குச் செவ்வாய் விடுமுறை என்பது தெரியும்.) ஊர்ச் சந்தை களைகட்டுவது எத்தனை மணிக்கு?