எண்ணப் பதிவுத் தாள் வெறுமையாகவே வருகிறது

அல்சூர் கவுன்சிலர்: பெங்களூரு ஐடி பையன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்), சிபிடியில் (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் மனநலப் பேச்சு சிகிச்சை) என்னிடம் ஐந்தாவது அமர்வு. மேனேஜர் ‘பேசணும்’ என்று மெசேஜ் போட்டாலே வேலை போச்சு என்று வயிறு கலங்குகிறதாம். பயம் வரும்போது மனதில் ஓடுவதை எழுதிவைக்கும் எண்ணப் பதிவுத் தாள் கொடுத்தேன். மூன்று வாரமாக ஒரு வரி இல்லை.

ஜெயநகர்வாசி: ஆங்கிலத் தாளா? பயம் அவருக்குத் தமிழில்தானே வரும்! சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்கும்போது குரல் பதிவு போடச் சொல்லுங்கள்: என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, நூற்றுக்கு எவ்வளவு நம்பினார்.

பழைய கை: சரி, ஆனால் உடனே ஆதாரம் கேட்டு மடக்காதீர்கள். சிபிடியின் முன்னோடி ஆரோன் பெக் 1960களில் இதைத் தொடங்கியது வாதம் செய்ய அல்ல, இருவரும் சேர்ந்து சோதித்துப் பார்க்க. கடைசி பத்து மெசேஜில் திட்டு எத்தனை என்று அவரே எண்ணட்டும்.

அல்சூர் கவுன்சிலர்: ஆங்கிலத் தாள்தான், மாட்டிக்கொண்டேன். நேற்று 40 நொடிப் பதிவு வந்தது. முதல் வார்த்தையே “அப்பாகிட்ட என்ன சொல்வேன்?” மேனேஜர் பேச்சே இல்லை.