புதுப்பிப்பு: ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு, 45,000 ரூபாய் முன்பணம் - அப்புறம் என்ன ஆனது?

போன வாரம் நடுராத்திரியில் இங்கே புலம்பியிருந்தேன்: எங்கள் பூனை மணல் தட்டில் போய்ப் போய் முக்குகிறான், ஒரு சொட்டுகூட வரவில்லை, தனியார் மருத்துவமனை 45,000 ரூபாய் முன்பணம் கேட்கிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பயல் பிழைத்துவிட்டான்.

'விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், வேப்பேரிக்குப் போங்கள்' என்றவரின் யோசனைதான் கைகொடுத்தது. அங்கே இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்தோம். மயக்க மருந்து கொடுத்து, கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செருகி அடைப்பை நீக்கினார்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலாம். முழுதாக அடைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடக்கூடும் என்று அங்கேதான் தெரிந்தது. கூட்டம், சீட்டு, வரிசை எல்லாம் உண்டு. ஆனால் மருந்து, பரிசோதனை சேர்த்தும் எங்களுக்கு 4,000 ரூபாயைத் தாண்டவில்லை.

எதிர்பாராதது ஒன்று: கதீட்டரை எடுத்த மூன்றாம் நாள் மறுபடி அடைத்துக்கொண்டது. திரும்ப அதே ஓட்டம். இப்படித் திரும்ப வருவது சகஜம்தானாம். முன்பே தெரிந்திருந்தால் அவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

சரி, தனியார் இடத்தில் முதல் ஒரு மணி நேரத்துக்கே கட்டிய 7,500? விவரமான பில் கேட்கச் சொன்னீர்களே, கேட்டேன். எடுக்காத எக்ஸ்ரே ஒன்று அதில் இருந்தது. 1,800 திரும்ப வந்தது, மன்னிப்பு வரவில்லை.

இப்போது உலர் தீவனம் நிறுத்தம். மருத்துவர் எழுதிக்கொடுத்த ஈர உணவு, வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம். அவனோ குளியலறை வாளியில்தான் குடிக்கிறான்.