புதுப்பிப்பு: சமூகப்பணி டிப்ளோமா செய்தால் வேலை கிடைக்குமா?

மூன்று வருஷத்துக்கு முன் இதே தலைப்பில்தான் கேட்டிருந்தேன். பாதிப் பேர் "டீச்சிங்குக்குப் போ தங்கச்சி" என்றீர்கள். கேட்கவில்லை. இலங்கையின் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனத்தில் சமூகப்பணி டிப்ளோமா முடித்துவிட்டேன்.

சரி, வேலை. கிடைத்தது, ஹட்டன் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில், ஆனால் எல்லாம் புரொஜெக்ட் கணக்கு. காசு முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது, கடைசி மாதச் சம்பளத்துக்கு நாலு தடவை போன் எடுக்க வேண்டியிருந்தது.

வேலை மட்டும் பிடித்திருந்தது. தோட்டத்துப் பிள்ளை மடுவத்து (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) வாசலில் உட்கார்ந்திருந்தால் யாராவது ஒரு வயசான ஆயா சிலிசிலி (பொலித்தீன்) பேக்கைப் பிரித்து பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் நீட்டுவார், ஒன்றில் ராமாயி, மற்றதில் ராமாய், அந்த ஓர் எழுத்தால் சேமலாப நிதிக் காசு (வேலை செய்த காலத்தில் ஓய்வுக்காகச் சேர்ந்த பணம்) நிற்கும். அதற்கு சத்தியக் கடதாசி (சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் பத்திரம்), கிராம சேவகர், பிரதேச செயலகம் என்று அலைவதுதான் பாதி நாள். இதைப் பாடத்தில் யாரும் சொல்லவில்லை.

அரச வேலைக்கு வருகிறேன். நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் பதவிகளுக்கு பெரும்பாலும் பட்டம் கேட்கிறார்கள், போட்டிப் பரீட்சையும் உண்டு. அரச வர்த்தமானியில் வேலை அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் டிப்ளோமா செய்த அதே நிறுவனத்தில் சமூகப்பணிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், நாலு வருஷம், அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

அப்புறம், சிங்களம் படியுங்கள். செயலகத்தில் பாதிக் கடிதம் அதில்தான் வருகிறது.